ராணியின் நாலு எழுத்து

பாக்கியம் அக்கா போய்விட்டார்... நேற்று விடியக்காலையில். லுணுகலைப் பக்கம் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே. இன்று சாயந்தரம் எடுத்துவிட்டார்கள்.

போய்விட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. சாமி விளக்கைக்கூட மருமகளைத்தான் ஏற்றச் சொன்னேன்.

உங்களில் நிறையப் பேருக்கு அக்காவைத் தெரியாது. எண்பதுகளின் ஆரம்பத்தில், கலியாணத்துக்கு முன்னால், தோட்டத்து டீ ஃபேக்டரியில் நான் தூளிலிருந்து காம்பு பொறுக்கினேன். எனக்குப் பக்கத்து இடம் அக்காவுக்கு.

அக்காவுக்கு ஒரே மகள், ராணி. தோட்டத்து ஆட்களைப் பாதிப் பேர் இந்தியாவுக்கு, பாதிப் பேர் இங்கே என்று பிரித்த காலம் அது. கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்தது. அவர்களோடு அவளும் கப்பலேறிவிட்டாள். அக்காவுக்குக் கிடைத்தது இந்த நாட்டுப் பிரஜாவுரிமை... கூடப் போக வழியில்லை.

போனவளிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. மாதக்கணக்கில் இல்லை. கப்பலேறியவர்களில் சிலர் இன்னும் அங்கே முகாமில் கிடக்கிறார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சு. மகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்றே தெரியாமல் அக்கா காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தால் கடுதாசி வரும் என்று நினைத்துக் கேட்டார். கேட்ட தடவையெல்லாம் சிவப்புதான்.

அதற்குப் பிறகுதான் இந்த எழுத்து விளையாட்டு. விளையாட்டு என்று சொல்லக்கூடாது... ராணி பாஸ்போர்ட்டில் அவள் பேரை எப்படி எழுதியிருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீஷ் அவ்வளவுதான், ABCD. பெட்டி மூடியில் படிந்திருந்த தூளில் விரலால் எழுதிக் காட்டினேன். R, A, N, I.

அந்த நாலையும் அக்கா பிடித்துக்கொண்டார். கண்ணில் படுகிற இங்கிலீஷ் வார்த்தையில் எல்லாம் தேடுவார். முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, நாலும் ஒரே வார்த்தைக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் கடுதாசி வரும் என்று கணக்கு.

எனக்குக் கோபம். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிறவள் நான். முருகன் சொல்லாததைத் தேயிலைப் பெட்டியா சொல்லப்போகிறது என்று சண்டை பிடித்தேன். இரண்டு நாள் கழித்து நானும் தேட ஆரம்பித்துவிட்டேன், அது வேறு கதை.

எங்கள் பெட்டிகளில் ORANGE PEKOE FANNINGS என்று கறுப்பு மையில் முழுசாக அடிப்பார்கள். ORANGE-இல் R உண்டு, A உண்டு, N உண்டு. I இல்லை. FANNINGS-இல் I உண்டு, R இல்லை. உரச் சாக்கில் NITROGEN என்று பார்த்தால் A இல்லை. எப்போதும் ஏதோ ஒன்று குறையும்.

“பாக்கியம், தொரைக்குக் கிளாக்கராப் போகப்போறியா?” என்று கங்காணி கிண்டலடிப்பார். அக்கா காதில் வாங்க மாட்டார்.

பாவமாக இருந்து ஒரு நாள் கேட்டேன். “பெட்டியில இருக்கிற ரெண்டு வார்த்தையையும் சேத்துப் பாருங்களேன்க்கா. நாலும் வந்துருதுல்ல?”

“அது எப்புடி புள்ள? ஒரே வீட்டுக்குள்ள இருந்தாத்தான் குடும்பம். ஒருத்தி பக்கத்து வீட்டுல இருந்தா சேருமா?”



ஆடி மாதம் இரண்டு பேரும் பதுளைக் கோயிலுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் எதிர்ச் சுவரில் பெரிய கறுப்பு எழுத்து. URINAL. நான்தான் முதலில் கண்டேன். R... I... N... A... நாலும் உண்டு! கையைப் பிடித்துக் காட்டினேன்.

அக்கா ஒவ்வொரு எழுத்தாக விரலை நீட்டிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கேயே நின்று இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்து, அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பக்கத்தில் வெற்றிலை விற்ற முஸ்லிம் நானா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அது ஆம்பளைகள் ஒண்ணுக்குப் போற இடம் என்று மெதுவாகச் சொன்னார். அக்காவிடம் நான் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரமே கடுதாசி வந்தது... சத்தியமாக. ராணி நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கிறாளாம். அந்த வருசம் ஆம்பிளைப் பிள்ளையும் பிறந்தது.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பிறகு யாரோ சொல்லி, ஃபேக்டரியே சிரித்தது. அக்காவுக்கு வெட்கமே இல்லை. “கடுதாசி வந்துச்சா இல்லியா? அப்பறம் என்ன. சாமி நிக்கிற எடத்த நாமளா தேந்தெடுக்கிறோம்?”

ராணி நடுவில் ஒரே ஒரு தடவை வந்து போனாள். இப்போது அவளுக்கும் உடம்புக்கு முடியவில்லை. விசா, டிக்கெட் என்று நேற்று முழுக்க அலைந்தார்கள், நடக்கவில்லை.

என் போனில்தான் அவளுக்கு அக்காவைக் காட்டினேன். “அம்மா மூஞ்சிகிட்ட கொண்டு போங்கக்கா... இன்னுங் கொஞ்சம் கிட்ட...” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதுளையிலிருந்து வண்டி வந்தது. பக்கவாட்டில் FUNERAL SERVICE என்று எழுதியிருந்தது.

இத்தனை வருசம் கழித்தும் கண் தானாகத் தேடுகிறது. முதல் வார்த்தையில் R இருந்தது. A இருந்தது. N இருந்தது...

I பக்கத்து வார்த்தையில் இருந்தது.

வண்டிக் கதவைச் சாத்தும்வரைக்கும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

போயிட்டு வாங்கக்கா... கதிர்காமத்தான் பாத்துக்குவான்.