மூன்று ராடுகளும் ஒரு கீச்சானும்

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், காற்றில் பறந்த தன் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடும் முன் கையிலிருந்த தூண்டில் ராடை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. இரண்டாயிரத்தொன்றோ இரண்டோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் திரும்பி வருவதற்குள் ஓர் அலை வந்து தூண்டில் நரம்பை இழுத்தது. அந்த இழுப்பு கம்பு வழியாக ஏறி என் முழங்கை வரை வந்தது. நான் சேலத்துக்காரி. கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வரும் வரை கிணற்றைவிடப் பெரிய தண்ணீரோடு எனக்குப் பழக்கமில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. வகுப்பில் முக்கோணம் நடத்தும்போது மர ஸ்கேலை என்னையறியாமல் தலைக்கு மேல் வீசினேன். முதல் பெஞ்சு மொத்தமும் குனிந்துகொண்டது.

விஷயத்தை என் நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அப்போதுதான் ஸ்கூட்டி வாங்கியிருந்தாள். அதை எங்கேயாவது ஓட்டிப் போகக் காரணம் தேடி அலைந்தாள்.

"மீன் புடிக்கற கம்புதானே அண்ணி? மகாபலிபுரத்துல வெள்ளக்காரங்க வுட்டுட்டுப் போற சாமானெல்லாம் விக்கற கடை ஒண்ணு கீது. வாங்க, போலாம்."

அடுத்த ஞாயிறு மதியம், என் கணவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய பத்தாவது நிமிடம் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கடையில் பழைய புத்தகங்கள், முதுகுப் பைகள், தந்தியில்லாத ஒரு கிதார். கதவுக்குப் பின்னால் மூன்று ராடுகள் சாய்ந்திருந்தன. கடைக்காரர் எங்கள் வயதுதான், நல்ல உயரம். கறுப்பாக, நீளமாக இருந்ததை முதலில் எடுத்து நிமிர்த்தினார். அது ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் பட்டு டகடகவென்று அடித்தது. இரண்டாவது பச்சை, என்னைவிட ஒரு முழம் உயரம், கையில் லேசாக வளைந்து கொடுத்தது. அதில் நரம்பு சுற்றும் ரீல் துருப்பிடித்திருந்தது. மூன்றாவது சிவப்பு. ஒன்றுக்குள் ஒன்று போய் மடங்கிக்கொள்ளும், பளபளவென்று ரீல்.

"இதுதான் அண்ணி. உங்க கிளிப்பச்சைப் பொடவைக்கு எடுப்பா கீது," என்றாள் நாத்தனார்.

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு எதுண்ணா நல்லது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"மூணுமே நல்லாப் புடிக்கும்மா."

"நீங்க புடிச்சிருக்கீங்களா?"

"நான் இன்னாத்துக்குமா புடிக்கணும்? வூட்டு வாசல்லயே கூவி விக்கறாங்க."

"செருப்பு வாங்கினாலே போட்டு நடந்து பாத்துத்தானேண்ணா வாங்குறோம்?" என்றேன். அவர் ஷட்டரை இறக்கிவிட்டு மூன்று ராடுகளையும் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு நடந்தார்.

படகுகளுக்குப் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் இரைக்காக ஒரு கை இறால் வாங்கினோம். விஷயம் கேட்டதும் அவரும் கூடையை மூடிவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

முதலில் கறுப்பு. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, சுழற்றி வீசினேன். நரம்பு நுனியிலிருந்த ஈயக்குண்டு எனக்குப் பின்னால் மணலில் போய்ப் புதைந்தது. நான் முன்னால் போய் விழுந்தேன்.

"அண்ணி! கடல் அந்தப் பக்கம் கீது!" நாத்தனார் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து சிவப்பை அவளே வாங்கி வீசினாள். மேல் பாகம் இரண்டும் கழன்று கடலுக்குள் பாய்ந்தன. கடைக்காரர் பேண்ட்டோடு ஓடி, நரம்பைப் பிடித்து இழுத்து மீட்டு வந்தார்.

பச்சை மிச்சம். கம்பு என் கைக்கு அப்படிப் பொருந்தியது. ஆனால் ரீல் சுற்றவே மறுத்தது. கடைக்காரர் வாங்கி, அதன் அடியிலிருந்த வளையத்தைத் திருகினார். ரீல் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது.

"ஒடச்சிட்டேன்," என்றார் வெளிறிப்போய்.

நான் சிவப்பைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அதே வளையம். திருகினேன், அந்த ரீலும் கழன்றது. பச்சையில் வைத்து இறுக்கினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ராடு வேறு, ரீல் வேறு, பிடித்ததைப் பிடித்ததோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் மூவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. என்னவோ நாங்களே அதைக் கண்டுபிடித்த மாதிரி குதித்தோம்.

இறாலைக் கோத்து வீசினேன். நரம்பு 'விர்ர்' என்று ஓடி, ஈயக்குண்டு நிஜமாகவே கடலில் விழுந்தது. மீன்கார அம்மாள் கைதட்டினார். கொஞ்ச நேரம் அலை மட்டும் இழுத்து இழுத்து விட்டது. பிறகு வேறொன்று. டக், டக்கென்று, விரலால் சுண்டுவது போல.

"சுத்துங்க அண்ணி, சுத்துங்க!"

சுற்றினேன். உள்ளங்கை நீளத்தில் ஒரு மீன், வெள்ளி உடம்பில் வளைந்த கறுப்புக் கோடுகளோடு துள்ளிக்கொண்டு வந்தது. வந்ததும் 'கீச் கீச்' என்று கத்தியது. அதைக் கேட்டு நானும் கத்தினேன்.

"கீச்சான்மா அது, வெளிய வந்தா கத்தத்தான் கத்தும். நீ இன்னாத்துக்குக் கத்துற?" என்றபடி மீன்கார அம்மாள் முள் படாமல் பிடித்துக் கொக்கியைக் கழற்றினார். "கொழம்புக்கு ஆவாது, சின்னது. வுட்ரலாமா?"

விட்டோம்.

"நானும் ஒருவாட்டி போட்டுப் பாக்கட்டாமா?" என்றார் கடைக்காரர். ஒருவாட்டி மூன்றாயிற்று. மூன்றாவதில் அவருக்கும் ஒரு கீச்சான் சிக்கியது. அதை விட்டவர், ராடை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இத்த விக்கறதா இல்லம்மா."

"இன்னா அண்ணாத்த, வெளையாடறியா? வாங்கத்தானே வந்தோம்!" நாத்தனார் இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் மணலில் கிடந்த கறுப்பைப் பார்த்தேன். அதை வீச முடியாதவள் நான்தானே, அவர் இல்லையே. ஈயக்குண்டைத் தோண்டியெடுத்து, இறாலைக் கோத்து அவரிடம் நீட்டினேன். "உங்க உயரத்துக்கு இதுதாண்ணா. ஒரே ஒரு தடவை."

வீசினார். எங்கள் எல்லோருடைய கண்ணும் குண்டோடு போய், இரண்டாவது அலையைத் தாண்டி, அதற்கும் அப்பால் விழுந்தது. அவர் வாய் பிளந்து நின்றார்.

"பச்சைய நீயே எடுத்துக்கமா," என்றார், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

திருக்கழுக்குன்றம் வழியாக வீடு திரும்பும்போது நான் பின்னால் உட்கார்ந்து ராடை நட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தேன். தாழ்ந்த கிளை வந்தால் "அண்ணி, கம்பு!" என்று அவள் அலறுவாள், நான் சாய்ப்பேன். ஒரு புளியமரத்திடம் மட்டும் தோற்றோம். நாலைந்து புளியங்காய்கள் மடியில் விழுந்தன. கடித்துக்கொண்டே போனோம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கடை சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் காத்திருந்தார்கள். கடைக்காரர் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் கறுப்பு ராடோடு நின்றிருந்தார்.

"சத்தம் போடாம வாங்கமா," என்றார். "ஏதோ கடிக்குது."