முன்விளக்குக்குள் அரிசி

கார் வாங்கிய சில கிழமைகளில், ஒரு மழைக்குப் பிறகு, அதன் இடப்பக்க முன்விளக்குக்குள் ஆவி படிந்திருந்தது. குளித்துவிட்டு வந்த குளியலறைக் கண்ணாடி போல வெள்ளையாக. பழைய கார்தான், ஆனால் சிட்னியில் எங்களுக்கு அதுதான் முதல் கார். "சும்மா விடும், வெயிலுக்குக் காஞ்சிடும்," என்றார் கணவர்.

எனக்கு விட முடியவில்லை. விளக்குக்குள் காற்றுப் போய்வரத் துளை உண்டு, மெல்லிய ஆவி வழமைதான், தண்ணீராகத் தேங்கினால்தான் பயப்பட வேண்டும் என்று போனில் வாசித்தேன். வெளியே போய்ப் பார்த்தேன். தேங்கியிருக்கிறதா, படிந்துதான் இருக்கிறதா என்று தெரியவில்லை. திரும்ப வந்து மறுபடியும் வாசித்தேன். வெள்ளிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலில் வாகனப் பூசை. திரும்பும்போது காட்டுப் பாதை இருட்டிவிடும். பின்னால் மகள் இருப்பாள்.

ஈரத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் உப்புப் போத்தலுக்குள் போடும் அரிசி. மகளுக்குச் சிறிதாகிப்போன சொக்ஸ் ஒன்றில் ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கறுப்பு நூலால் கட்டினேன். விளக்கின் பின்பக்க இறப்பர் மூடியைக் கழற்றி, முடிச்சை உள்ளே விட்டு, பிறகு இழுத்தெடுக்க வசதியாக நூல் நுனியை வெளியே விட்டு மூடினேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமி மகளை நித்திரையாக்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கோயிலுக்குப் போன வழியெல்லாம் மழை. ஐயர் வலப்பக்க விளக்குக்குச் சந்தனம் வைத்துவிட்டு இடப்பக்கம் வந்தவர், விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றார்.

"தம்பி, உள்ளுக்கு என்ன கிடக்குது?"

எல்லோரும் குனிந்தோம். நூல் அறுந்து, முடிச்சு கண்ணாடியின் அடிக்கு வந்திருந்தது. சின்ன வெள்ளைச் சொக்ஸ், அதன் கழுத்தில் கறுப்பு நூல், சுற்றிலும் தண்ணீர். செய்தவள் நான், எனக்கே அது வேறொன்றாகத் தெரிந்தது.

மாமி மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். "இது பிள்ளையின்ர சொக்ஸ். ஆரோ செய்வினை செய்து வச்சிருக்கினம்."

"அம்மா, சும்மா இருங்கோ," என்றார் கணவர்.

"என்ன சும்மா? கீழ்வீட்டுக்காரிதான். ஒரே கொடியிலதானே உடுப்புக் காயப்போடுறம். அண்டைக்கும் பிள்ளையைப் பாத்து, நல்லா சாப்பிடுறா போல எண்டவ. இந்தக் காரில பிள்ளையை ஏத்த விடமாட்டன்."

கீழ்வீட்டு அக்கா மதுரைக்காரர். மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, கணவர் வேலையில் இருக்க, எங்களைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். குனிந்த உடனேயே நான் சொல்லியிருந்தால் அது வெறும் சிரிப்பாக முடிந்திருக்கும். அக்காவின் பேச்சு வந்தபிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. பூசைக்குக் காத்திருந்த மற்றக் குடும்பங்களும் எங்களையே பார்த்தன. அதை வெளியே எடுத்து எரிக்க வேண்டுமா என்று கணவர் ஐயரைக் கேட்டார்.

"அது நான் வச்சது மாமி," என்றேன். "அரிசி."

"அரிசியோ?"

"உப்புப் போத்தலுக்குள்ள போடுறமே. ஈரம் இழுக்கட்டும் எண்டு."

கணவர் காரின் பொனெற்றைத் திறந்து, முடிச்சைத் தோண்டி எடுத்தார். அரிசி ஊறி ஊதியிருந்தது. "நூலை வெளியில விட்டா மூடி இறுகுமோ? மழைத்தண்ணி முழுக்க இதுக்குள்ளாலதான் போயிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பல்பில முட்டியிருந்தா பத்தியிருக்கும்," என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உடனே சிரித்தார். "நல்லகாலம் பருப்புப் போடேல்லை. பொங்கல் ஆகியிருக்கும்."

ஐயரும் சிரித்தார். "அரிசி நல்ல பொருள்தானே பிள்ளை," என்று சந்தனத்தை வைத்தார். கார்ச் சில்லுகளுக்கடியில் தேசிக்காய்கள் நசுங்கின. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மாமி மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். நெடுஞ்சாலை வெளிச்சத்துக்கு வரும்வரை அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "கீழ்வீட்டுக்காரியைப் பற்றி நான் சொன்னதை அவவிட்டச் சொல்லிப்போடாதை பிள்ளை," என்றார்.

"இல்லை மாமி."

வயதான மனிசியை அப்படிக் கேட்க வைத்தது என் மௌனம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்டால் அவருடைய சொற்களை மறுபடியும் அவருக்கே நினைவூட்டுவதாகிவிடுமோ என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீடு வந்துவிட்டது.

கீழ்வீட்டு அக்கா வாசலில் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். "பூஜை எல்லாம் நல்லா நடந்துச்சாம்மா?"

"ஓம் பிள்ளை, நல்லா நடந்தது." மாமி பிரசாதப் பை முழுவதையும் அவர் கையில் கொடுத்தார்.

"அய்யோ, இவ்வளவா? உங்களுக்கு?"

"நாங்கள் அங்கயே சாப்பிட்டனாங்கள்."

நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். நான் அவளுடைய வெறும் இருக்கையின் பட்டியைச் சரிசெய்வதுபோலக் காருக்குள் குனிந்து, அக்கா கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றேன்.