மனுக்களின் மறுபக்கம்

இன்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலில் தடவிய மையின் வாடை, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த, இப்போது லாட்ஜாகிவிட்ட எங்கள் வீட்டு முன்னறைக்கு என்னை இழுத்துப்போனது. அப்பா விவசாயிகள் கட்சி எம்.எல்.ஏ.; அந்த அறைதான் கட்சி ஆபீஸ். முசிறியிலிருந்தும் மருங்காபுரியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த மனுக்களை, அப்பா சனிக்கிழமைதோறும் ஒரே அளவாக வெட்டி, எழுதாத பக்கம் மேலே வரும்படி தைத்து, எனக்குக் கணக்கு நோட்டாக்கித் தருவார். எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் தாளின் பின்னால் ஊதாக் கட்டைவிரல் ரேகை இருக்கும் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மருங்காபுரிப் பெரியவர் ஒருவர் மூன்றாம் முறையாக வந்தார்.

“ஏரி மதகு மனு என்னாச்சுங்க? பயிரு கருகுதுங்க.”

“மெட்ராஸுக்கு அனுப்பியாச்சு, பெரியவரே. மந்திரி மேசையிலதான் இருக்கு.”

அவர் கும்பிட்டார். அவருடைய கட்டைவிரலின் குறுக்கே அரிவாள் வெட்டுத் தழும்பு. நான் எழுதிக்கொண்டிருந்த தாளின் பின்னாலிருந்த ரேகையிலும் அதே இடத்தில் மை படியாத வெள்ளைக் கோடு. அவர் திருப்பிவிடாதபடி தாளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அவர் குனிந்து என் கணக்குகளைப் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கா, பாப்பா?”

அப்பா என்னையே பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்குங்க,” என்றேன்.