நீல நிறம் சொல்லாதது

ஆஸ்டின் டவுன் வீட்டைக் காலி செய்து எலெக்ட்ரானிக் சிட்டியில் மகனுடைய அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்தபோது, இரும்புப் பெட்டியின் அடியில் என் கையெழுத்திலான குறிப்பேடு ஒன்று அகப்பட்டது. தொண்ணூறுகளில் என் மனைவியின் நீரிழிவைக் குறித்து நாள்தோறும் எழுதிவந்த ஏடு அது. அதன் பிற்பகுதி முழுவதும் 'நீலம்' என்னும் ஒரே சொல். இதைப் புரட்டுவோர் அந்நாளில் அவள் நலமாக இருந்தாள் என்றே கொள்வர். அது உண்மையன்று. பிழையான ஏட்டை எழுதியவனே அதனைத் திருத்திச் செல்லுதல் கடன் என்பதால் இதை எழுதுகிறேன்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி எங்கள் வீட்டை எட்டாத காலம். பின்கட்டில் துவைகல்லின்மேல் ஓர் எரிசாராய விளக்கு, ஒரு கண்ணாடிக் குழாய், மருந்துக் கடையில் வாங்கிய நீலக் கரைசல். கரைசலைக் குழாயில் ஊற்றி நான் பிடித்துக்கொள்வேன். அவள் தன் சிறுநீரை எட்டுத் துளி எண்ணி விடுவாள். சுடரில் காட்டிக் கொதித்தபின் நீலமாகவே நின்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என மாறிச் செங்கல் நிறம் வந்தால் மிகுதி. பக்கத்து வீட்டு வானொலியில் கன்னடச் செய்தி தொடங்கும் வேளை. காப்பித் தம்ளரைக் கையில் ஏந்தி, குடிக்காமல், குழாயையே பார்த்து நிற்பாள்.

"என்னங்க, பச்சையா?"

"இளம்பச்சை."

"அது ஒரு பச்சையா? வாழைக்குருத்து மாதிரி இருக்கு. நீலம்னே எழுதுங்க."

"ஏட்டுல பொய் எழுதக் கூடாது."

"ஆமா, விதான சௌதா ஆபீஸ் ஃபைல் பாருங்க! ரிட்டயர் ஆகியும் விடல."

நீலம் வந்த நாளுக்குப் பரிசு உண்டு: மாங்காய் ஊறுகாயும் பொரித்த மோர்மிளகாயும். இனிப்பைத் துறந்தவளுக்கு உப்பையேனும் தாராளமாக வழங்க வேண்டும் என்பது நான் வகுத்த நீதி. குருதி அழுத்தத்திற்கும் ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். தலை வலித்த நாளில் மட்டும் அதை விழுங்குவாள்.

"குருதி அழுத்த மாத்திரை போட்டியா?"

"பி.பி.ன்னு சொன்னா நாக்கு வெந்துடுமா? தலையே வலிக்கல, எதுக்கு முழுங்கணும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சில ஆண்டுகளில் நீலம் நிலைத்தது. முற்பகலில் அவளுக்கு வியர்த்துக் கை நடுங்கவே, சர்க்கரை மாத்திரையை நாங்களே பாதியாக்கினோம். அப்போதும் நீலம். யுகாதியன்று எதிர்வீட்டார் தந்த ஒப்பட்டு, நம் போளிதான், இரண்டு உண்டாள், மறுநாளும் நீலம்.

"நோய் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சுங்க," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மாலை கோயிலுக்குப் புறப்பட்டபோது செருப்பு அவள் காலில் நுழையவில்லை.

வீக்கம் வடியாமையால் தெருமுனைப் பெண் மருத்துவரிடம் சென்றோம். கன்னடத்தவர், எங்களோடு தமிழில் உரையாடுவார். நடுக்கத்தையும் மாத்திரையைப் பாதியாக்கியதையும் சொல்லி நான் பெருமிதத்தோடு நீட்டிய ஏட்டை ஓரமாக வைத்துவிட்டு அவள் கையில் பட்டையைச் சுற்றினார். ஐயுற்றவர்போல் இரண்டாம் முறையும் அளந்தார்.

"நூத்தித் தொண்ணூறு. பி.பி. மாத்திரை தினமும் எடுக்கறாங்களா?"

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.

பிறகு அவள் சிறுநீரைக் குழாயில் எடுத்துச் சுடரில் காட்டினார். "கரைசல் விடலையே அம்மா," என்றேன்.

"இது சர்க்கரைக்கு இல்ல. நோடி சார், மேல பாருங்க."

குழாயின் மேற்பகுதி திரிந்த பால்போல் வெளுத்தது. அமிலம் சில துளி விட்டும் அவ்வெண்மை கரையவில்லை.

"ப்ரோட்டீன். கிட்னியிலேர்ந்து ஒழுகுது. சர்க்கரை கெடுத்த கிட்னியை பி.பி. இன்னும் போட்டு அடிக்குது. கிட்னி தளந்தா சர்க்கரை மாத்திரை சீக்கிரம் வெளிய போகாது; அதான் நடுக்கம், அதான் உங்க நீலம். ப்ளட் டெஸ்ட்டும் பாத்துடலாம்."

குருதி ஆய்வும் அதையே உறுதிசெய்தது. வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் அவள் கேட்டாள்: "ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்ல நான் படுக்கணுமாங்க?"

அழுத்தத்தை அடக்கினால் சிறுநீரகத்தின் தளர்ச்சியைத் தாமதப்படுத்தலாம் என்று மருத்துவர் கூறியதைத் திரும்பச் சொன்னேன். சிறிது தூரம் சென்றபின், "ஊறுகாய் ஜாடியை எதிர்வீட்டுக்குக் குடுத்துடுங்க. நான் இல்லாதப்போ குடுங்க," என்றாள்.

பாதரசக் கருவியொன்று வாங்கி, நாடியொலி கேட்கப் பழகினேன். காலைச் செய்தி வேளையில் விளக்குக்குப் பதிலாக அவள் கையில் பட்டை. தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நாள் தவறாமல் மாத்திரை. "கை செத்துடும்போல இருக்கு, ஃபைலை மூடுங்க!" என்பாள். உப்புக் குறைந்த சாற்றை நானும் அவளோடு உண்டேன். அவளுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அதுவரை நாங்கள் ஒரே குழம்பை உண்டதில்லை. அவள் அஞ்சிய இயந்திரத்தருகே ஒரு நாளும் படுக்க நேரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின்னும் பல ஆண்டு வாழ்ந்து, நெஞ்சு நோயால் மறைந்தாள்.

ஏட்டிலுள்ள 'நீலம்' ஒன்றையும் நான் அடிக்கவில்லை. கண்ட நிறம் அதுவே. கடைசித் தாளில் மட்டும் 'அழுத்தம் பார்க்கவில்லை' என்று எழுதிச் சேர்த்தேன்.

நிறங்களின் வரிசையிலோ மருத்துவச் செய்தியிலோ நான் தவறியிருப்பின் அறிந்தோர் திருத்தி உதவுக. துளி எட்டா, பத்தா என்பதிலும் இப்போது எனக்கு ஐயம் உண்டு. எண்ணியவள் அவள்.