கடைசிப் பத்தியை நான் படிக்கவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. தமிழ்ச் சொற்களாலேயே கணினி நிரல் எழுத ஒரு சின்ன மொழியை நண்பர்கள் சிலர் சம்பளமில்லாமல் உருவாக்கி வந்தோம். அதில் புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று எங்கள் இணையக் குழுவில் யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம். விவாதித்து, வாக்கெடுத்து முடிவு செய்வோம். ஆரம்பத்திலிருந்தே இருந்தவன் என்பதால் என் பேச்சுக்கு அங்கே மதிப்பு ஜாஸ்தி.

எங்கள் மொழியில் ஒரு கட்டளைக்குள் அடங்கும் வரிகளை நாலு எழுத்து இடம் விட்டு உள்ளே தள்ளி எழுத வேண்டும். அந்த இடைவெளியை வைத்துத்தான் எது எதற்குள் வருகிறது என்று கணினி புரிந்துகொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். அந்த ஏற்பாடு என்னுடையது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

களமருதூர்க்காரர் ஒருவர், குழுவுக்குப் புதியவர், நீளமாக ஒரு யோசனை எழுதியிருந்தார். இடைவெளிக்குப் பதில், கட்டளை முடியும் இடத்தில் 'முடிந்தது' என்று ஒரு சொல் போடவும் அனுமதிக்க வேண்டுமாம். இடைவெளி தவறித் தவறி நிரல் பிழையாகிறதாம். முதல் பத்தியிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கண்ணைத் திறந்து பார்த்து எழுதினால் தவறாது. உங்கள் சோம்பலுக்காக மொழியைக் கெடுக்க முடியாது" என்று பதில் போட்டேன். சிரிப்புப் படங்கள் குவிந்தன. யோசனை தோற்றது.

ஐப்பசியில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மாடியில், சுற்றுவட்டாரத்தில் நிரல் எழுதுகிறவர்கள் கூடினோம். ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொன்னோம். டீ குடிக்கும்போது ஒருவர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் பார்வை என் முகத்தைத் தாண்டி எங்கோ நின்றது.

"நான் களமருதூருங்க. 'முடிந்தது'ன்னு ஒரு யோசனை எழுதினேனே."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "நீங்க சொல்லவே இல்லையேங்க..."

"கடசிப் பத்தியில எழுதியிருந்தேங்க. லேப்டாப்பு திரையில இருக்கறத வாசிச்சிக் காட்டும். எழுத்தெல்லாம் சொல்லும். வரிக்கு முன்னால எத்தினி இடம் வுட்டிருக்குன்னு என்னுது சொல்லாது."

அவர் மனைவியால் பொறுக்க முடியவில்லை. "நீங்க எழுதின பதிலயும் அது சத்தமாத்தாங்க வாசிச்சிச்சி. வூட்ல எல்லாரும் சோறு தின்னுக்கினு இருந்தோம். கண்ணத் தொறந்து பாருன்னு வந்ததும், 'இன்னாம்மா அப்பாவ இப்டி சொல்றாங்க'ன்னு எம் பொண்ணு கேட்டுச்சி. நான் இன்னான்னு சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவால்லீங்க" என்றார். அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் எழுதியதைத் தேடியெடுத்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது, இரண்டே வரியில். அதே யோசனையை ஒரு சொல்கூட மாற்றாமல், அவர் பெயரோடு, மறுபடி குழுவில் வைத்தேன். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். முன்பு சிரித்தவர்களே "அருமையான சிந்தனை" என்று பாராட்டினார்கள், அவரை அல்ல, என்னை.

அவருக்குத் தகவல் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "சந்தோஷம். நான் நிரல் எழுதுவதை விட்டுவிட்டேன். வேறு யாருக்காவது உதவட்டும்."

உதவுகிறது. பார்வையற்ற சிலர் அவ்வப்போது நன்றி சொல்லி எழுதுகிறார்கள். அதைப் பெற வேண்டியவர் அங்கே இல்லை, அவரை வெளியே அனுப்பியவன் நான்தான் என்பதை, மொழியில் எத்தனை திருத்தம் செய்தும் என்னால் அழிக்க முடியவில்லை.