காலிப் படகுக்கு அரைக் கட்டணம்

சென்ற மாசியில் ரங்கூனிலிருந்து கால்வாய் வழியாக அக்காவை அழைத்துவரப் போனோம். ஆற்றுக்கு அப்பால் நெல் ஆலையொன்றில் அத்தான் கணக்கு எழுதுகிறார். அக்காவுக்கு விஷக்காய்ச்சல். அம்மா கைக்குழந்தைக்காரி என்பதால் அப்பாவுடன் நான் போனேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமென்று இதை எழுதுகிறேன்.

போவதற்கு நீராவி லாஞ்ச் நல்லது. காலை ஏழு மணிக்குப் புறப்படும், ஆளுக்கு ஆறணா. புகைபோக்கிக்குப் பின்னால் மட்டும் உட்காராதீர்கள், துணியெல்லாம் கரியாகிவிடும். கால்வாய் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. அதன் இரண்டு வாயிலும் சர்க்கார் சாவடி உண்டு. சேறு வாரவும் கரை கட்டவும் அங்கே படகுகளிடம் கட்டணம் வாங்குகிறார்கள். லாஞ்சுக்காரர்களே கட்டிவிடுவதால் பயணிகளுக்கு அது தெரிவதில்லை.

அப்பாவுக்குத் தெரியும். துறைமுகத்தில் அவருக்கும் அதே வேலைதான். ஆற்று விளக்குக்கும் மிதவைக்கும் கப்பல்கள் கட்டும் பணம் அவர் ஜன்னலில் சேர்கிறது. யாராவது தர்க்கம் செய்தால், "முதல்ல கட்டுங்க, அப்புறம் மனுப் போடுங்க" என்பார். கல்யாணத்துக்கு முன்பு அக்கா அவரைப் போலவே மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அதைச் சொல்லி நடித்துக்காட்டுவாள்.

திரும்பும்போது காய்ச்சல்காரியை லாஞ்சில் ஏற்ற மறுத்தார்கள். கோ பா தின் என்ற பர்மியரின் நெல்படகை அப்பா எட்டு ரூபாய்க்குப் பேசினார். நடுவில் பாய் விரித்து அக்காவைப் படுக்கவைத்தோம். வேறு சரக்கு இல்லை. நண்பகலில் சாவடிக்கு வந்தோம்.

சாவடிக் குமாஸ்தாவும் தமிழர்தான். "ஐநூறு கூடை புடிக்கிற படகு. மூணு ரூவா" என்றார்.

"காலிப் படகுக்குப் பாதிதான்" என்றார் அப்பா.

"ஆள் படுத்திருக்கே ஐயா. காலின்னு எப்படி எழுதுறது?"

"என் மக என்ன நெல் மூட்டையா?"

படகுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது. விதிப் புத்தகத்தை எடுங்கள் என்றார். குமாஸ்தா, மேலதிகாரி சாப்பிட்டு வரட்டும் என்றார். கோ பா தின் இரண்டு முறை படியேறி வந்து, "சயா, ஐயா, தண்ணி எறங்குது" என்றார். நான் அக்காவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"அப்பாகிட்ட சொல்லு. முதல்ல கட்டிட்டு... அப்புறம் மனு."

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். மூன்று ரூபாயையும் பலகைமேல் வைத்தார்.

கால்வாய்க்குள் சிறிது தூரம்தான் போனோம். படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கோ பா தின் இடுப்பளவு இறங்கித் தள்ளினார். அப்பாவும் வேட்டியோடு இறங்கினார். அடுத்த கடல் ஏற்றம் வரும்வரை அசையாது என்று கோ பா தின் சொன்னார். அந்தி சாய்வதற்குள் அக்கா போய்விட்டாள். அதன் பிறகுதான் தண்ணீர் வந்தது.

இப்போது யாராவது தர்க்கம் செய்தால் அப்பா ஜன்னலைவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறாராம். அவருடன் வேலை செய்பவர் அம்மாவிடம் சொன்னார்.

நெல்படகில் வருகிறவர்கள் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். குடிநீரும் குடையும் இருக்கட்டும். சாவடியில் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். அங்கே கால்வாய்ப் பக்கம் பார்த்தபடி விதிகளை இங்கிலீஷில் எழுதிய பலகை இருக்கிறது. படகு சேற்றில் நின்றிருந்தபோது அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பலமுறை படித்தேன். சரக்கில்லாத படகுக்குப் பாதிக் கட்டணம், ஆள் இருந்தாலும். அப்பா சொன்னதுதான் சரி.