டிவியைப் பார்த்தபடியே சொன்னது

"ஏட்டி, பேசுததுக்கு ஒரு படிப்பா? நம்ம வீட்ல எல்லாரும் படிக்காமலே அதத்தான செய்யுதோம்."

உளவியல் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மா கேட்டது இது. சப்பாத்தி தேய்ப்பதைக்கூட நிறுத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அம்மாவின் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி.

விமான் நகரில் எனக்குக் கஸ்டமர் கேர் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும் ஆபீஸ் வண்டி. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் தன்னோடு கம்பெனியில் வேலை செய்கிறவர்களிடம் அப்பா இதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். அந்த வேலையை விட்டால்தான் நான் வகுப்புக்குப் போக முடியும். திங்கட்கிழமைக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். வெள்ளிக்கிழமை துணிந்து டிவியை அணைத்துவிட்டு, அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. அவர் முகமே மாறிவிட்டது.

"ஊர்ல யாருக்கும் எதுவும் ஆயிட்டா?"

"இல்லப்பா."

"பின்ன? பையன் யாரு?"

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும் என்று எதையோ சொல்லி எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு ஆவணப்படம். வெளிநாட்டு மனநல மருத்துவர் ஒருவர், வயதானவர், மனதைப் பற்றிய தன் கொள்கைகளை விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய பெயர் வாங்கியவர். அப்பா கட்டிலில் இருந்தார். நான் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலம் என்பதால் நான்தான் அவ்வப்போது தமிழில் சொல்ல வேண்டும். அவசரத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். திரையில் அவரிடம் வந்த ஒரு பெண் சோபாவில் படுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளையப் படுக்க வச்சிட்டு, இவரு ஏன் தலமாட்டுக்குப் பின்னால போயி உக்காந்திருக்காரு? மூஞ்சியப் பாக்க வேண்டாமா?" என்றார் அப்பா.

"மூஞ்சியப் பாத்தா பேச்சு வராதாம்ப்பா. எதிர்ல இருக்கவரு என்ன நெனைக்காருன்னே பாத்துட்டிருப்போமாம்."

"அது வாஸ்தவந்தான்."

அப்பா எனக்குப் பின்னால் இருந்தார். திரும்பாமல் சொன்னேன்.

"அப்பா, நான் வேலைய விடப்போறேன். எம்.ஏ.வுக்கு இடம் கெடச்சிருக்கு."

கட்டில் கிறீச்சிட்டது. அடக்கிவைத்தது எங்கெல்லாம் போய் வெளிப்படும் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை.

"இந்தப் படிப்பா?"

"ஆமா."

"படிச்சா நீயும் இப்படி பின்னால உக்காரணுமோ?"

"இப்பல்லாம் எதிர்லயும் உக்காருவாங்க."

"எதிர்ல வேண்டாம்." டிவியைப் பார்த்தபடியே, அதே குரலில், "கம்பெனில அந்த பிரெஸ் மெஷின் போடுத சத்தம் எனக்கு லீவு நாள்லயும் காதுல கேக்கு. உங்கம்மைட்டகூட சொன்னதில்ல" என்றார்.

எங்களுடையது ஒற்றை அறை. அடுப்படி மூலையிலிருந்து அம்மா சொன்னாள்: "இப்பக் கேட்டுட்டேன்லா. அந்த டிவிய அமத்திட்டுத்தான் பேசுங்களேன்."

"வேண்டாம்" என்றோம், நானும் அப்பாவும் ஒரே நேரத்தில்.

சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. படம் முடிகிற நேரத்தில், "கம்பெனில கேட்டா என்னன்னு சொல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"மக எம்.ஏ. படிக்கான்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை ஆபீஸ் வண்டியில் போகும்போது வழி முழுக்க என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேனேஜர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ராஜினாமாவை நின்றபடியே கொடுத்தேன். வெளியே படிக்கட்டுக்கு வந்து கல்லூரிக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.